பொன்னாடையும் மேடைப் படிகளும்

ஃபிர்தௌஸ் காங்கா 1960-ல் பம்பாயில் பிறந்த பார்சி எழுத்தாளர். எலும்புகள் எளிதில் நொறுங்கும் பிறவிக் குறைபாடு அவருக்கு. 1990-ல் வந்த ‘டிரையிங் டு குரோ’ நாவலின் நாயகனுக்கும் அதே நிலைதான். உடையக்கூடியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘பிரிட்’ என்பதே அவனுக்குச் செல்லப்பெயர். நான்கடிக்கு மேல் வளராத அந்தப் பையன் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருப்பதில்லை. ஆசைப்படுகிறான், பொறாமைப்படுகிறான், காதலில் அடிபடுகிறான், வாய்க்கு வாய் பதில் சொல்கிறான். 1997-ல் அது ‘சிக்ஸ்த் ஹேப்பினஸ்’ என்று படமானபோது திரைக்கதையை எழுதி நாயகனாக நடித்தவரும் காங்காவே. இத்தகைய எழுத்தாளரை ‘குறையை வென்ற தன்னம்பிக்கை நாயகர்’ என்று நான்கு வரியில் புகழ்ந்துவிட்டால், அதன்பிறகு அவருடைய நாவலை யாரும் திறக்கவேண்டியதில்லை. அந்தப் புகழ்ச்சி அவரை வாசிக்காமல் இருப்பதற்கான ஒரு வழி என்றே நினைக்கிறேன்.

இதே எலும்புக் குறைபாட்டோடு வாழ்ந்த ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஸ்டெல்லா யங் (1982–2014), தான் இறந்த அதே ஆண்டில் சிட்னியில் ஆற்றிய உரையில் இதைத்தான் கேட்டார்: காலையில் எழுந்து எங்கள் பெயரை மறக்காமல் இருப்பதற்கெல்லாம் எங்களுக்கு ஏன் கைதட்டுகிறீர்கள்? படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை என்பது அவர் வாதம். நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில், மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் கேலிப்பொருளாக்கவும் கூடாது, அசாத்தியப் பிறவிகளாகக் காட்டவும் கூடாது என்று சொன்னது. இரண்டையும் நீதிமன்றம் ஒரே தட்டில் வைத்ததைக் கவனிக்க வேண்டும். வேறு விதமாக வாசிக்கத் தமிழருக்குத் தெரியாது என்பதும் இல்லை. மனுஷ்ய புத்திரன் சக்கர நாற்காலியில் இயங்குபவர். அவருடைய கவிதையோடும் அரசியலோடும் நாம் முழு மூச்சாக மல்லுக்கு நிற்கிறோம். எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

ஆனால் இந்தத் தன்னம்பிக்கைக் கதைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தையை வீட்டுக்குள்ளேயே பொத்தி வைத்திருக்கும் பெற்றோருக்குத் தைரியம் தரவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மும்பையின் மாலினி சிப், மூளை முடக்குவாதத்தோடு, ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் வாழ்க்கையை ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்ற நூலாக எழுதினார். அந்த விரலை வியப்பவர்கள், அவருடைய தாய் மிது ஆலூர் 1972-ல் இதே நகரத்தில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கு ஏற்ற பள்ளி இல்லாததால் ஒரு தாயே பள்ளியை உண்டாக்க வேண்டியிருந்தது. தைரியம் மட்டும் போதுமென்றால் அந்தப் பள்ளி எதற்கு? எல்லாத் தாய்மாருக்கும் பள்ளி தொடங்கும் வசதியும் கிடையாது.

பள்ளிக்கு வெளியேயும் இதே கதைதான். நவி மும்பையின் நெருளில் இருக்கும், சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர் மும்பை சயானிலுள்ள பம்பாய்த் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஹார்பர் லைனில் குர்லா வந்து வண்டி மாற வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஆனால் ரயில் நிற்பது சில நொடிகள். நடைமேடைக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியைச் சக்கர நாற்காலி அதற்குள் தாண்டியாக வேண்டும், அதுவும் கூட்டத்தோடு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் இதுதான் நிலை. செலவு அதிகம், படிப்படியாகத்தான் முடியும் என்ற சமாதானத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. நூறாண்டு பழைய ரயில் பாதையை ஒரே இரவில் மாற்ற யாராலும் ஆகாது. ஆனால் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டதோ வேறு: அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி, மூலச் சட்டத்துக்கே முரணானது. கட்டாயத் தரங்களை வகுக்க மூன்று மாதக் கெடுவும் தந்தது. காசு ஒருபுறம் இருக்க, கட்டாயமே இல்லாமல் இருந்திருக்கிறது. ஒரு விழா மேடைக்குச் சாய்தளம் போட இரண்டு பலகையும் ஒரு தச்சரும் போதும். அதைச் செய்யாமல், எழுத்தாளரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி மேலே ஏற்றி, பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கிறோம். தூக்கும்போது அவர் நாற்காலியின் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது அந்தப் படத்தில் வருவதில்லை.