ரசிகர்களின் சாட்சியம்

உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கும் மரக்காணத்தைக் கடந்து வடக்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையை அடுத்த பனையூரில் 2023 செப்டம்பர் 10ஆம் தேதி நடைபெற்ற ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரிக்கு அநுமதிச் சீட்டு வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிய ரசிகர்கள், நெரிசலில் பட்ட அவஸ்தையைப் பகிரங்கமாக எடுத்துரைத்த பின்னரே விசாரணையும், கட்டணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் பிறந்தன. இந்தக் கரைக்கு அத்தகைய பேச்சு புதிதன்று. மரக்காணமே என்று அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பரிசு பெற்ற பாணன் தான் கண்டதை மற்றொரு பாணனுக்குச் சொல்லி வழிப்படுத்தும் நூலேயன்றோ? ஆகவே, இசையில் திளைத்த ஆனந்தத்தையும் அநுபவித்த இன்னலையும் ரசிகர்கள் ஒளிவின்றிச் சொல்லட்டும். கச்சேரி நடத்துவோர் இடத்திற்கு மேற்பட்டு ஒரு சீட்டும் விற்றலாகாது. அதிகாரிகளும் வாயில்களை முன்னதாகவே பரிசோதித்தல் வேண்டும்.