ஓகன் வயரை நாமே செய்துகொள்ளலாம்

பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். ஓகனுக்கும் கிற்றாருக்கும் கொடுக்கும் வயர்கள் அடிக்கடி பழுதாகிவிடுகின்றனவாம். ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கிக்காரரைக் கெஞ்ச வேண்டியிருக்கின்றது. அவர் வராவிட்டால் பிள்ளைகள் மாதக்கணக்காகப் பழகிய நிகழ்ச்சியே நின்றுவிடுகின்றது. சகோதரி, அந்த வயரை நீங்களே செய்யலாம். ஒரு மணித்தியால வேலைதான். ஆனால் பொருட்களை அறிந்து வாங்க வேண்டும்.

நான் பார்த்த பழுதான வயர்களில் நடுவில் அறுந்தவை மிகக் குறைவு. பிளக்கினுள் வயர் நுழைகின்ற அந்த ஓரங்குல இடத்தில்தான் பெரும்பாலானவை போய்விடுகின்றன. மலிவு வயர்களில் பிளக்கை பிளாஸ்ரிக்கால் வார்த்து மூடியிருப்பார்கள். உள்ளே அறுந்தாலும் திறந்து பார்க்க வழியில்லை. ஆகவே, காசைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய இடம் பிளக்தான்.

இந்தக் கால் அங்குலப் பிளக், அதாவது 6.35 மில்லிமீற்றர் பிளக், சங்கீதத்துக்காகப் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைக்கப் பயன்பட்ட பிளக்கின் வழிவந்தது. 1878 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எம்மா நட் என்பவர் முதலாவது பெண் தொலைபேசி இணைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அது பெரும்பாலும் பெண்களின் தொழிலாகவே ஆகிவிட்டது. "இதெல்லாம் ஆம்பிளையளின்ரை வேலை" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

வாங்கும்போது பிளக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடி உலோகத்தில் இருக்க வேண்டும். உள்ளே வயரின் வெளியுறையை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இருக்க வேண்டும். யாராவது காலில் தடக்கி வயரை இழுத்தால் அந்த இழுவை உறையில் விழவேண்டுமே தவிர, ஈயம் வைத்த இடத்தில் விழக்கூடாது. உங்கள் வயரின் தடிப்புக்கு அந்தக் கவ்வி பொருந்துகின்றதா என்றும் பாருங்கள். நியூற்றிக், சுவிச்கிராவ்ற் என்பன நல்ல பெயர் எடுத்தவை. அவற்றின் பெயரில் போலிகளும் வருவதால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். தங்கமுலாம் பூசியதற்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. தங்கம் கறுக்காது, அவ்வளவுதான். சுருதி கூடப்போவதில்லை.

இனி வயர். நடுவில் ஒரு மெல்லிய கம்பி, அதன்மேல் காவலி, அதைச் சுற்றிச் செம்புக் கவசம், வெளியே உறை. அந்தக் கவசம்தான் உயிர். மின்குமிழ், மின்விசிறி வயர்களிலிருந்து வரும் "உம்" என்ற இரைச்சலைத் தடுப்பது அதுவே. வீணையிலும் வயலினிலும் ஒட்டும் பிக்கப்பிலிருந்து வருகின்ற சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதற்குக் கவசம் இன்னும் முக்கியம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கப் போனால், "எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்பார்கள். ஒன்றல்ல. நான் சிறு துண்டொன்றை வெட்டித் தரச்சொல்லி, உறையை உரித்துப் பார்ப்பேன். பாய் பின்னியதுபோல நெருக்கமாகப் பின்னிய கவசம் சிறந்தது. ஒரே பக்கமாகச் சுற்றியதும் பரவாயில்லை. வெறும் மெல்லிய தகடு சுற்றியதை விட்டுவிடுங்கள், சுருட்டி விரிக்க அது வெடித்துவிடும். ஸ்பீக்கர் வயரில் கவசமே இல்லை. அதை இதற்குப் பாவிக்கக்கூடாது. இந்த மெல்லிய வயரை அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்கும் கொடுக்கக்கூடாது, சூடேறும்.

நீளத்திலும் சிக்கனம் தேவை. வயர் நீள நீள அதன் கொள்ளளவம் கூடும். பற்றரி இல்லாத சாதாரண எலெக்ரிக் கிற்றாரில் மேல்தாயி ஒலிகள் மங்கிக் கேட்கும். மீற்றருக்கு 100 பைக்கோபரட் அல்லது அதற்குக் குறைவு என்றிருந்தால் நல்லது. கிற்றாருக்கு 5 மீற்றர் போதும். ஓகனுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

ஈயம் வாங்கும்போது, இலத்திரனியல் வேலைக்குரிய, நடுவில் றெசின் உள்ள 60/40 கம்பியைக் கேளுங்கள். தகர வேலைக்குப் பூசும் அமிலம் வேண்டாம், கம்பியை அரித்துவிடும். சமையல் மேசையில் இந்த வேலை செய்யாதீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், புகை இழுப்பு வருத்தக்காரருக்கு ஆகாது. முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் ஈயக் கம்பியைத் தொடாமல் வேறொருவரிடம் கொடுப்பதே நல்லது.

ஒட்டுவதற்கு முன்பே மூடியை வயரில் கோத்துவிடுங்கள். சில வயர்களில் காவலியின்மேல் கறுப்பாக இன்னுமொரு மெல்லிய உறை இருக்கும். அது மின்னைக் கடத்தும். நடுக்கம்பியைத் தொடாதபடி அதைச் சற்றுப் பின்னால் வெட்டிவிட வேண்டும். நடுக்கம்பி பிளக்கின் நுனிக்கு, கவசம் உடலுக்கு.

பிறகு மல்ரிமீற்றரால் சோதியுங்கள். நுனிக்கு நுனி ஒலிக்க வேண்டும், உடலுக்கு உடல் ஒலிக்க வேண்டும், நுனிக்கும் உடலுக்கும் இடையில் ஒலிக்கக்கூடாது. சோதிக்கும்போதே வயரை ஆட்டியும் பாருங்கள்.

இரண்டு முனையிலும் நிறநூல் சுற்றி அடையாளம் வையுங்கள். விழா முடிந்து சாமான் கட்டும் அவசரத்தில் எல்லாக் கறுப்பு வயரும் ஒன்றுபோலத்தான் தெரியும்.