ஈஸ்டர் தீவு தற்கொலை செய்துகொள்ளவில்லை

சுற்றுச்சூழல் நாள் கூட்டங்களில் தவறாமல் வந்துவிடும் கதை ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு தீவு. அங்கிருந்தவர்களுக்குச் சிலை வெறி. மலையளவு கற்சிலைகளைச் செதுக்கினார்கள். மரங்களை வெட்டி உருளைகளாக்கி, அவற்றின் மேல் சிலைகளை உருட்டிப் போனார்கள். காடு தீர்ந்தது. படகு கட்ட மரமில்லை, மண்ணும் அரித்துப் போனது. பஞ்சம் வந்தது, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், தின்றும் தீர்த்தார்கள். வெள்ளைக்காரர் கப்பல் வந்தபோது மிஞ்சியிருந்தது ஒரு கந்தல் கூட்டம். பூமிக்கும் இதே கதிதான் என்று பேச்சாளர் முடிப்பார். கைதட்டல் எழும்.

1994இல் 'ராப்பா நூயி' என்ற ஹாலிவுட் படம் இந்தக் கதையைத் திரையில் காட்டியது. 2005இல் வந்த ஜாரெட் டயமண்டின் 'கொலாப்ஸ்' நூல் அதைப் படித்தவர்கள் நடுவே அசைக்க முடியாத உண்மையாக்கியது. இன்று சிலே நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் விமானம் ஏறி அந்தத் தீவுக்குப் போகிற பயணிகளில் பலர், தன்னைத்தானே அழித்துக்கொண்ட ஓர் இனத்தின் இடுகாட்டைப் பார்க்கப் போவதாகவே நினைக்கிறார்கள். எச்சரிக்கைக் கதையாக அது நன்றாகவே ஓடுகிறது. வரலாறாகத்தான் தேறவில்லை.

கதை முழுக்கப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. கி.பி. 1200 வாக்கில் பாலினேசியர்கள் படகில் வந்து குடியேறியபோது தீவில் பனைக் காடு அடர்ந்திருந்தது. எரிமலை வாய்களில் தேங்கிய ஏரிகளின் அடிச் சேற்றில் படிந்துள்ள மகரந்தம் அதற்குச் சாட்சி. சில நூற்றாண்டுகளில் அந்தக் காடு போய்விட்டது. ஆனால் சிலைக்காகப் போனது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. பயிர் செய்ய நிலம் வேண்டும் என்று தீ வைத்துத் திருத்தினார்கள். படகோடு வந்திறங்கிய பாலினேசிய எலிகள் பனங்கொட்டைகளைக் கொறித்துத் தள்ளின. எலிப்பல் பதிந்த கொட்டை ஓடுகள் தோண்டத் தோண்டக் கிடைத்திருக்கின்றன. எலியின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, காடு போனது. சோறும் போனதா? இந்த இடத்தில்தான் கதை முதலில் சறுக்குகிறது. டச்சுக் கப்பல் தலைவர் யாக்கோப் ரோகவேன் 1722 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, தீவைக் கண்டார். தூரத்தில் மணல்மேடாகத் தெரிந்தது, அருகே போனதும் காய்ந்த புல் என்று தெரியவந்ததாக எழுதிவைத்தார். தீவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை கோழி, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கரும்பு. மண் வளமானது என்பது அவர் தீர்ப்பு. பட்டினியில் ஒருவரையொருவர் தின்றுகொண்டிருந்தவர்கள் வந்த விருந்தாளிக்குக் கோழியும் வாழைப்பழமுமா கொடுத்திருப்பார்கள்? அந்த விருந்தாளிகள் கரையிறங்கியதும் செய்த முதல் காரியம், துப்பாக்கியால் பத்துப் பேர் அளவில் சுட்டுக் கொன்றது.

மரமில்லாத, உப்புக்காற்று அறையும் தீவில் அவர்கள் பயிர் செய்த விதத்தை இன்றும் நேரில் பார்க்கலாம். எரிமலைக் கல்லைக் கைப்பிடியளவு துண்டுகளாக உடைத்து நிலம் முழுக்கப் பரப்பினார்கள். இடையிடையே பெரிய கற்களையும் நட்டார்கள். பார்க்கிறவனுக்குக் களையெடுக்காத கல்லாங்காடு. கல் ஒன்றைப் புரட்டினால் அடியில் ஈரம். காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாது, வெயிலில் ஈரம் பறக்காது, உடைந்த கல்லிலிருந்து தாதுக்கள் மெல்ல மண்ணில் இறங்கும். கற்களுக்கு நடுவே வள்ளிக்கொடி படரும். வாழைக்கும் சேம்புக்கும் வேறு ஏற்பாடு: 'மனவாய்' எனப்படும் வட்டமான கல்மதில், காற்று மேலே போய்விட, உள்ளே இலை கிழியாமல் வாழை நிற்கும். நிலத்தைப் பாழாக்கியவர்களின் வேலையாக இதை எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

அடுத்தது உருளைக் கட்டை. சிலைகள் ஏறக்குறைய ஆயிரம். மொவாய் என்று பெயர். பெரும்பாலானவை ரானோ ராராக்கு என்ற எரிமலைச் சரிவில் செதுக்கப்பட்டவை. கிட்டத்தட்ட நானூறு சிலைகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. முகம், மூக்கு, வயிற்றின் மேல் கூடும் விரல்கள் எல்லாம் முடிந்து, முதுகில் மட்டும் ஒரு கல்விளிம்பு பாறையோடு ஒட்டியபடி மல்லாந்து கிடக்கும் சிலைகளை அங்கே பார்க்கலாம். அந்த விளிம்பைத் தட்டிவிட்டால் சிலை தனியாகிவிடும். செதுக்கிய உளிகளும் கல்தான்; கடினமான கருங்கல் உளிகள்.

வழியில் விழுந்து கிடக்கும் சிலைகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவற்றின் அடிப்பாகம் சமமாக இல்லை; நிமிர்த்தி வைத்தால் முன்பக்கம் சாயும். ஆஹு எனப்படும் கல்மேடைக்குப் போய்ச் சேர்ந்த சிலைகளிலோ அடி செதுக்கிச் சமமாக்கப்பட்டிருக்கிறது. கண்குழியும் அங்கே போன பிறகுதான் வெட்டியிருக்கிறார்கள். சாய்ந்த அடி எதற்கு? நடக்க. வீடு மாற்றும்போது கனமான பீரோவை ஒரு முனையில் நிறுத்தி மறுமுனையை முன்னால் திருப்பி, அப்படியே மாறி மாறி நகர்த்துகிறோமே, அதே வித்தைதான். ஆய்வாளர்கள் டெரி ஹன்ட்டும் கார்ல் லிப்போவும் ஹவாயில் 4.35 டன் எடையுள்ள கான்கிரீட் சிலை ஒன்றை இப்படி நடத்திக் காட்டினார்கள். மூன்று கயிறு, 18 பேர். இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்க, பின்னாலிருப்பவர்கள் குப்புற விழாமல் பிடித்துக்கொள்ள, 40 நிமிடத்தில் 100 மீட்டர் போனது. அந்த ஆய்வு 2012இல் வெளியானது. இத்தனைக்கும், சிலைகள் நடந்து வந்தன என்றுதான் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள், கேட்டவர்கள்தான் சிரித்தார்கள்.

எல்லாரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. மொவாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜோ ஆன் வான் டில்பர்க் சிலையை மரச் சட்டத்தில் கிடத்தி இழுத்தார்கள் என்ற கருத்துடையவர். அவரும் சோதனை செய்து காட்டியிருக்கிறார். பத்து மீட்டர் உயரமும் எண்பது டன் அளவுக்கு எடையும் கொண்ட பாரோ சிலை நடந்தே வந்ததா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனாலும் காட்டை அழிக்காமல் சிலையை நகர்த்தியிருக்கவே முடியாது என்ற வாதம் விழுந்துவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கு இன்னும் மோசம். பேரழிவு நடந்தது என்று காட்ட வேண்டுமானால் முதலில் பெருங்கூட்டம் இருந்தாக வேண்டும். அதனால் 15,000 பேர், அதற்கும் மேல் என்றெல்லாம் மதிப்பிட்டார்கள். 2024இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கல்தோட்டங்களை அளந்த ஓர் ஆய்வு, அவற்றின் மொத்தப் பரப்பு 0.76 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் 190 ஏக்கருக்கும் சற்றுக் குறைவு என்றது. அந்த விளைச்சலையும் கடலுணவையும் கூட்டினால் 3,000 பேர் வாழலாம். ஐரோப்பியர் வந்தபோது இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே.

அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் மரபணு ஆய்வு ஒன்று வந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த, பழைய தீவுக்காரர் 15 பேரின் எச்சங்களைப் படித்தார்கள். ஒரு மக்கள் கூட்டம் திடீரெனச் சிறுத்தால் அதன் தடம் மரபணுவில் பதிந்துவிடும். 1600களில் அப்படி எந்தத் தடமும் இல்லை. குடியேறிய காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை தொகை மெல்ல ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தென்னமெரிக்கப் பழங்குடிகளோடு 1250க்கும் 1430க்கும் இடையில் கலப்பு நடந்ததும் அதில் தெரிந்தது. படகு கட்டத் தெரியாமல் சிறைப்பட்டுக் கிடந்தவர்கள் என்ற பேச்சோடு இது பொருந்துமா என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

உள்நாட்டுப் போர்? அத்தாட்சியாகக் காட்டப்படுவது 'மட்டா' எனும் எரிமலைக் கண்ணாடிக் கற்கள்; தீவெங்கும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஈட்டிமுனை என்றார்கள். 2016இல் நானூறுக்கும் மேற்பட்டவற்றின் வடிவத்தை அளந்தபோது, குத்திக் கொல்லும் கூர்மை எதிலும் சீராக இல்லை. கிழங்கு சீவவும் நார் உரிக்கவும் ஏற்றவை. குலச்சண்டைகள் நடந்ததும், சிலைகள் கவிழ்க்கப்பட்டதும் உண்மை. ஆனால் எப்போது? 1722இல் ரோகவேன் பார்த்தபோது சிலைகள் நின்றன, மக்கள் வணங்கினார்கள். 1774இல் கேப்டன் குக் வந்தபோது சில விழுந்திருந்தன. 1868 வாக்கில் மேடைகளில் ஒன்றும் நிற்கவில்லை. கவிழ்ப்பு நடந்தது அந்நியக் கப்பல்கள் வந்துபோன நூற்றைம்பது ஆண்டுக்குள்.

உண்மையான அழிவுக்குத் தேதி உண்டு. 1862 கடைசியில் பெருவிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்தன. ஏறத்தாழ 1,500 பேரை, அதாவது ஊரில் பாதியை, வாரிப்போனார்கள். அரசகுடும்பத்தாரும், ரொங்கொரொங்கோ மரப்பலகை எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் அதில் போனார்கள். அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. கண்டனம் எழுந்து சிலரைத் திருப்பி அனுப்பியபோது உயிரோடு கரை சேர்ந்தது பத்துப் பதினைந்து பேர். அவர்களோடு பெரியம்மையும் சேர்ந்தது. 1877இல் தீவில் எஞ்சியது 111 பேர். 1888இல் சிலே தீவை இணைத்துக்கொண்டது. பிறகு வில்லியம்சன் பால்ஃபர் என்ற கம்பெனி 1953 வரை தீவையே செம்மறிப் பண்ணையாக நடத்தியது. மக்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் மதில் கட்டி அடைத்தார்கள். தங்கள் முன்னோரின் சிலைகளிடம் போகவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. குடியுரிமை கிடைத்தது 1966இல். டோரோமிரோ என்ற உள்ளூர் மரம் காட்டிலிருந்து மறைந்ததும் ஏதோ பழங்காலத்தில் அல்ல, ஆடுகள் மேய்ந்து தீர்த்த பிறகு 1960 வாக்கில். கடைசி மரத்துக்காகக் கண்ணீர் விடும் பேச்சாளர்கள் இந்த ஆட்டுமந்தையைப் பற்றி வாய்திறப்பதில்லை.

சில்லறைக் கட்டுக்கதைகளுக்கு அதிக இடம் வேண்டாம். சிலைகள் வெறும் தலைகள் அல்ல. சரிவில் மண் மூடியதால் தலை மட்டும் தெரிகிறது, கீழே உடல் இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை ஊரைப் பார்த்தே நிற்கின்றன. வேற்றுக்கிரகவாசி செய்தான் என்பவர்களுக்கு ரானோ ராராக்குவில் பாதியில் விட்ட வேலையே பதில்.

நம் பக்கத்துக் கட்டுக்கதையும் ஒன்று இருக்கிறது. 1932இல் கீயோம் த ஹெவெசி என்பவர் சிந்துவெளிக் குறிகளும் ரொங்கொரொங்கோவும் ஒத்திருப்பதாகச் சொல்லப்போக, அதைப் பிடித்துக்கொண்டு குமரிக்கண்டம் வரை இழுத்துப் போகிறவர்கள் தமிழில் உண்டு. சிந்துவெளி நகரங்கள் வீழ்ந்து மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஈஸ்டர் தீவில் மனிதக் காலடியே பட்டது. தூரமோ, உலக உருண்டையில் அத்தீவுக்கு நேர் மறுபக்கம் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர். இதற்கு மேல் தள்ளிப்போக பூமியில் இடமில்லை. தீவின் மொழி பாலினேசிய மொழி. இல்லாத உறவைச் சொல்லி நாம் பெருமை கொள்வதும், அவர்களுடைய வேலையை வேறொருவர் பெயரில் எழுதுவதுதான்.

போக நினைப்பவர்களுக்கு வழி கடினமில்லை, செலவுதான் கடினம். சாந்தியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானம். 1980களில் நாசா தன் விண்வெளி ஓடங்கள் அவசரத்துக்கு இறங்குவதற்காக நீட்டிய ஓடுதளத்தில்தான் இறங்குவீர்கள். 2018 சட்டப்படி 30 நாளுக்கு மேல் தங்க முடியாது. திரும்பும் டிக்கெட்டும் பதிவான விடுதியும் காட்ட வேண்டும். தேசியப் பூங்காவை நடத்துவது மாவு ஹெனுவா என்ற உள்ளூர்ப் பழங்குடி அமைப்பு. அனுமதிச்சீட்டும் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் முக்கிய இடங்களுக்குள் விடமாட்டார்கள். ஆஹு மேடையில் கால் வைக்காதீர்கள். அது கல்லறையும் கூட. வழிகாட்டி பெரும்பாலும் அந்த மண்ணின் பிள்ளையாகத்தான் இருப்பார். ரானோ ராராக்குவில் படம் எடுத்து முடித்ததும், கடைசி மரத்தைப் பற்றிக் கேட்காமல் அவரிடம் 1862ஐப் பற்றியும் ஹங்கா ரோவாவின் மதிலைப் பற்றியும் கேளுங்கள்.