‘தோற்றப்பொலிவு’ என்னும் தகுதி

விற்பனைப் பணிக்கான விளம்பரங்களில் கல்வித் தகுதிக்கு அடுத்தாற்போல் ‘தோற்றப்பொலிவு’ என்றொரு தகுதி இடம்பெறுகிறது. அதன் பொருளை எந்த விளம்பரமும் விளக்குவதில்லை, விளக்கத் தேவையுமில்லை. நிறம், உடல் எடை, முகத்தின் வடு, பேச்சில் ஒலிக்கும் ஊர், அதன்வழி ஊகிக்கப்படும் சாதி ஆகிய அனைத்தையும் வடிகட்டுவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

இதனை ஆதரிப்போரின் வாதம் ஒன்றே: வாடிக்கையாளர் விரும்புவதை நிறுவனம் அளிக்கிறது. இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைக்காரருக்கும் இதே வாதம்தான் துணை. நம் அரசமைப்புச் சட்டம் அதை 1950இலேயே ஏற்க மறுத்துவிட்டது. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் கடைக்குள் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்கிறது பிரிவு 15(2). ஆனால் பிரிவு 16 தரும் வேலைவாய்ப்புச் சமத்துவம் அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. தனியார் கடையில் நிறத்தையோ முகத்தையோ காரணமாக்கி வேலை மறுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் ஏதும் இல்லை. ஆக, வாங்குபவராக உரிமையோடு நுழையும் பெண், விற்பவராக நுழைய முதலாளியின் கண்ணுக்கு இசைந்தாக வேண்டும்.

வேலை கிடைத்தபின் தொடங்குவது வேறொரு சுரண்டல். ஒப்பனைப் பொருள், புருவம் திருத்துதல், மடிப்புக் கலையாத சீருடைப் புடவை ஆகியவற்றுக்கான செலவும் நேரமும் பெரும்பாலும் ஊழியருடையவை. கண்ணாடிமுன் கழியும் அரை மணி நேரம் வருகைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கிறிஸ் வார்ஹர்ஸ்ட், டென்னிஸ் நிக்சன் ஆகியோர் இதனை ‘அழகியல் உழைப்பு’ என்றனர். கருத்தரங்குகளில் அச்சொல்லை மேற்கோள் காட்டுவதோடு நாம் நிறைவடைந்துவிடுகிறோம். உழைப்பெனில் அதற்கான ஊதியம் எங்கே என்று கேட்பதில்லை.

நின்றுகொண்டே இருப்பதும் இத்தோற்றத்தின் பகுதிதான். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் ஊழியர் அமர்ந்தால் கடையின் பொலிவு குன்றிவிடுமாம். (கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியின் தொந்தியால் பொலிவு குன்றியதாக மட்டும் எவரும் சொன்னதில்லை.) கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ அமைப்பாகத் திரண்ட கடைப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை, பின்னரே இருக்கை. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தி அமரும் உரிமையை அளித்தது. தமிழ்நாடு 2021இல் திருத்தியது. ஒரு நாற்காலிக்கே இத்தனை ஆண்டுகள்!

நம் வளாகங்களோ இந்தச் சந்தைக்கு ஆள் தயாரிக்கின்றன. வேலைவாய்ப்பு முகாமுக்கு முன்பாக மாணவியருக்குக் ‘குரூமிங்’ வகுப்பு நடத்தும் மேலாண்மைத் துறையினர், அவ்வகுப்பில் பிரிவு 15(2)ஐயும் அமரும் உரிமையையும் சேர்த்துக் கற்பிக்கட்டும். ‘தோற்றப்பொலிவு’ கோரும் நிறுவனத்திடம், அச்சொல்லின் பொருளையும் அதற்கான தனிப்படியையும் எழுத்தில் பெற்ற பின்னரே வேலைவாய்ப்புப் பிரிவு அதனை வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் நிறுவனத்தைத் திருப்பி அனுப்ப எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. துறைத்தலைவரின் ஒரு கையொப்பம் போதும்.