பாஸ்வேர்டு பேஸ்ட் ஆகலையா? அதுக்காக சுவரை இடிச்சிடாதீங்க!

ஒரே லேப்டாப்பில் அலுவலக வேலைக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின், வங்கிக் கணக்குக்கு ஒன்று, சந்தேகமான ஃபைல்களைத் திறக்க இன்னொன்று. ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் மற்றவை தப்பிக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் பாஸ்வேர்டு மேனேஜர் ஒரு மெஷினிலும், லாகின் பக்கம் இன்னொன்றிலும் இருந்தால்? 30 எழுத்து பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் பார்த்து டைப் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கு?

காப்பி-பேஸ்ட் வேலை செய்யாத கடுப்பில் கைக்கு முதலில் வரும் தீர்வு, இரண்டு பக்கமும் கிளிப்போர்டைத் திறந்துவிடுவது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

திறந்த கதவு

விர்ச்சுவல்பாக்ஸில் 'ஷேர்டு கிளிப்போர்டு' ஆரம்பத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். 'பைடைரக்‌ஷனல்' என்று மாற்றி, உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவிவிட்டால் இரு பக்கமும் காப்பி-பேஸ்ட் ஜோராக ஓடும். ஆனால், நீங்கள் வெளியே காப்பி செய்யும் எதையும் உள்ளே ஓடும் புரோகிராம்கள் படிக்க முடியும். வைரஸை அடைத்து வைக்கத்தான் அந்த மெஷின் என்றால், பாஸ்வேர்டை அதன் கையிலேயே கொடுப்பது என்ன நியாயம்? அவசியம் என்றால் ஒரு திசை மட்டும் போதும். வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

நான்கு படி ஏன்?

2012-ல் முதல் பதிப்பு வெளியான கியூப்ஸ் ஓஎஸ் இதை வேறு மாதிரி அணுகுகிறது. பாஸ்வேர்டுகள் இணைய இணைப்பே இல்லாத 'வால்ட்' என்ற மெஷினில், பெரும்பாலும் கீபாஸ்எக்ஸ்சி செயலியில் இருக்கும். அங்கே கன்ட்ரோல்+சி, பிறகு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. போய்ச் சேர வேண்டிய ஜன்னலில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி, கடைசியாக கன்ட்ரோல்+வி. எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் மனிதர்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது படி முடிந்ததும் பொதுக் கிளிப்போர்டு தானாகவே காலியாகிவிடும்.

எங்கே மாட்டுது?

* நேரம்: கீபாஸ்எக்ஸ்சி வழக்கமாக 10 விநாடியில் கிளிப்போர்டை அழித்துவிடும். அதற்குள் இரண்டாவது படியை முடிக்கவில்லை என்றால் காலிதான். அவசரம் தாங்காது என்றால் அந்த நேரத்தை அமைப்புகளில் கொஞ்சம் கூட்டலாம். முழுசா நிறுத்திட வேண்டாம்.
* அறிவிப்பு: இரண்டாவது படியில் எத்தனை பைட் காப்பி ஆனது என்று திரையில் வரும். பாஸ்வேர்டின் நீளத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், பிழை வால்ட் பக்கம்தான்.
* தவறான ஜன்னல்: கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்தும்போது எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ, பாஸ்வேர்டு அதற்குத்தான் போகும். ஜன்னல் ஓரத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.
* டெர்மினல்: டெர்மினலில் காப்பி செய்யவும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி-தான். கியூப்ஸ் அதை முந்திக்கொள்வதால் குழப்பம் வரும். இரண்டில் ஒன்றின் ஷார்ட்கட்டை மாற்றினால் தீர்ந்தது.
* மிச்சம்: வால்ட்டில் அழிந்தாலும், போய்ச் சேர்ந்த மெஷினின் கிளிப்போர்டில் பாஸ்வேர்டு அப்படியே தங்கியிருக்கும். லாகின் ஆனதும் அங்கே வேறு ஏதாவது ஒரு வார்த்தையை காப்பி செய்துவிடுங்கள்.

இது கம்ப்யூட்டர் கதை மட்டுமல்ல

2020-ல் வந்த ஐஓஎஸ் 14, வேறொரு ஆப்பில் காப்பி செய்ததை ஒரு ஆப் எடுத்தால் திரையில் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 12-லும் அந்த வசதி வந்தது. கிளிப்போர்டு என்பது பூட்டில்லாத மேஜை என்பதை ஃபோன் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

பேஸ்ட் ஆகாத அந்த 10 விநாடி எரிச்சல் உண்மைதான். ஆனால் அந்த எரிச்சலைப் போக்க சுவரையே எடுத்துவிட்டால், தனித்தனி மெஷின் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. எந்தப் படியில் தப்பு என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்வதற்கு ஐந்து நிமிஷம் ஆகலாம். கசிந்த பாஸ்வேர்டை மாற்றி, கணக்குகளை மீட்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தால், அந்த ஐந்து நிமிஷம் ரொம்பவே மலிவு!