ஒழுகும் கூரையும் மின்கிட்டாரும்: ‘அந்தராக்னி’ எங்கே பிறந்தது?

ஒரு ராக் குழுவின் முதல் இசைத்தொகுப்பு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தையே சுட்டுகிறோம். பெங்களூரின் ‘த ரகு தீட்சித் ப்ராஜெக்ட்’ 2008இல் வெளியிட்ட ‘அந்தராக்னி’யைப் பொறுத்தவரை அவ்விடை போதாது.

அதன் அண்மை வரலாறு பலரும் அறிந்ததே. மைசூரில் வளர்ந்து நுண்ணுயிரியல் பயின்ற ரகு தீட்சித் முதலில் ‘அந்தராக்னி’ என்னும் குழுவை நடத்தினார். குழு கலைந்தது, பெயர் மட்டும் தொகுப்பின் தலைப்பாக எஞ்சியது. இசை நிறுவனங்கள் பல மறுத்த பின், இசையமைப்பாளர் இணையரான விஷால்–சேகர் தம் நிறுவனத்தின் வழியே அதை வெளிக்கொணர்ந்தனர். கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் அதில் இடம்பெற்றன. விமர்சகர்கள் அதற்கு இட்ட பெயர் ‘ஃபியூஷன்’.

அப்பெயர் கலப்பின் காலத்தைப் பிழையாகக் குறிக்கிறது. தொகுப்பிலுள்ள ‘சோருதிஹுது மனிய மாளிகி’, ‘குடுகுடிய சேதி நோடோ’ ஆகிய இரண்டும் சிசுநாள ஷரீஃபின் (1819–1889) தத்துவப் பதங்கள். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஷரீஃப், கோவிந்த பட்டரைக் குருவாகக் கொண்டவர். ஒழுகும் கூரையையும் புகைக்கும் உக்காவையும் மெய்யியல் உருவகங்களாக்கியவர். சி. அஸ்வத்தின் மெல்லிசையும், நாகாபரணா இயக்கிய 1990ஆம் ஆண்டுத் திரைப்படமும் அப்பதங்களைக் கன்னட வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன. ஆகவே, கலப்பு கிட்டாரோடு வந்ததன்று.

எனில், தொகுப்பின் உண்மையான சாதனை யாது? மொழியைத் திருத்தாமல் விட்டதே. அப்பாடல் தலைப்பிலுள்ள சொற்கள் தமிழருக்கு அந்நியமல்ல: சோர்தல், மனை, மாளிகை. தமிழில் மாளிகை பெருமனை. கன்னடத்தில் மாளிகெ என்பது தட்டையான மேற்கூரையையும் குறிக்கும். பொதுக்கன்னடத்தின் ‘மனெ’, ‘மாளிகெ’ ஆகியவை தார்வாட் வழக்கில் ‘மனி’, ‘மாளிகி’ என இகர ஈறு பெறும். மைசூரில் வளர்ந்த பாடகர் அந்த இகரத்தைத் தம் வழக்குக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

சிறிய ஒலியன்றோ என்று இதை ஒதுக்கிவிட இயலாது. பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும் எனச் சட்டம் கூறும் நகரம் பெங்களூர். அங்கு கன்னடம் உண்டா என்ற வினா ஓயாது எழுகிறது. எந்தக் கன்னடம் என்ற வினா அரிதாகவே எழுகிறது. வடகர்நாடக வழக்கு திரையில் பெரும்பாலும் நகைப்புக்கே பயன்படுகிறது. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் அடைந்த நிலையை அறிந்தோருக்கு இது புதிதன்று. அவ்வழக்கை மெய்யியலின் குரலாக ராக் மேடையில் ஒலிக்கச் செய்ததே இத்தொகுப்பின் தகுதி.

முரசொலியில் தத்துவம் கரைந்துபோகிறது என்பார் உளர். கூரை ஒழுகுவதைக் கேட்டு இளைஞர் ஆடுவது முரண்தான். எனினும் பொருளறியாது ஆடுபவர் ஒருநாள் பொருளைத் தேடலாம். கேட்டேயிராதவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அந்தத் தேடலுக்கு உதவ வேண்டியவை பல்கலைக்கழகத் துறைகள். ‘ஃபியூஷன்’ என்னும் ஒற்றைச் சொல்லால் ஷரீஃபையும் தார்வாட் வழக்கையும் மூடிவிடுவது ஆய்வாகாது.