வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணி திருடன்! மோட்டார் அடிக்கடி ஓடுதா? உஷார்

சென்னையில் தண்ணி லாரி வரவில்லை என்றால் தெருவே கூடி சண்டை போடும். ரெண்டு நாள் குழாயில் தண்ணி வராவிட்டால் காலி குடங்களோடு மறியல் நடக்கும்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே தினமும் ரெண்டு குடம், மூணு குடம் என்று சத்தமில்லாமல் மண்ணுக்குள் போகிற தண்ணியை யாரும் கண்டுகொள்வதில்லை. சுவரில் பெயிண்ட் உப்பி உரிந்து விழும்போதுதான் பிளம்பரை தேடி ஓடுகிறார்கள். அதற்குள் பல மாதம் காசு கரைந்திருக்கும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய 4 ஏரிகளும் வறண்டு போனதை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணி வந்தது. இப்படி பாடுபட்டு வந்து சேருகிற தண்ணிதான் சம்ப் விரிசலிலும், டாய்லெட் டேங்க்கிலும் வீணாகிறது.

மீட்டர் இல்லை... தெரிவதும் இல்லை

கரண்ட் அதிகமா செலவானால் பில் காட்டிக் கொடுக்கும். தண்ணிக்கு அந்த வசதி கிடையாது. சென்னையில் பெரும்பாலான வீடுகளில் குடிநீர் மீட்டரே இல்லை. ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் கட்டணம் ஒன்றுதான். அதனால் ஒழுகுவதே தெரிவதில்லை.

ஆனால் அந்த நஷ்டம் வேறு பக்கம் வந்து இடிக்கும். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட் கரண்ட் ஆகும். ஒழுகலால் தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் 2 மாதத்தில் 30 யூனிட். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். நாலு குடித்தனம் இருக்கிற வீட்டில் இந்த மோட்டார் பில்லை பங்கு போட்டு கட்டுவது குடித்தனக்காரர்கள்தான்.

சொட்டு சொட்டாக ஒழுகுகிற குழாயின் கீழே 200 மில்லி டம்ளரை வைத்துப் பாருங்கள். 10 நிமிடத்தில் நிரம்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.2 லிட்டர். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 29 லிட்டர். அதாவது ரெண்டு குடம்! கண்ணுக்கு தெரிகிற ஒழுகலே இப்படி என்றால், தெரியாதது எவ்வளவு என்று கணக்கு போட்டுக் கொள்ளலாம்.

ராத்திரி வைத்தியம்

கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு குச்சி, ஒரு சாக்பீஸ், ஒரு ராத்திரி போதும்.

மாடி டேங்க்: ராத்திரி எல்லோரும் தண்ணி பிடித்து முடித்த பிறகு டேங்க்கை நிரப்பி, குச்சியை விட்டு மட்டத்தை குறித்துக் கொள்ளுங்கள். டேங்க்கில் இருந்து கீழே வரும் குழாயின் கேட் வால்வை மூடி விடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் டேங்க்கில்தான் ஓட்டை. (வால்வு சரியாக மூடுதா என்பதையும் பார்த்துக் கொள்ளணும்).

இறங்கவில்லையா? மறுநாள் ராத்திரி வால்வை திறந்து வைத்து, வீட்டு குழாய்களை மட்டும் மூடி இதையே செய்யுங்கள். இப்போது மட்டம் இறங்கினால், தண்ணி போவது சுவருக்குள் இருக்கிற குழாயிலோ டாய்லெட்டிலோ. ராத்திரி யாரும் தண்ணி திறக்கக் கூடாது என்று பக்கத்து குடித்தனங்களிடமும் சொல்லி வைக்கணும்.

டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்: கேசரிக்கு போடுகிற கலர் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து டேங்க்கில் போடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம். கோப்பைக்குள் கலர் இறங்கினால் டேங்க் ஒழுகுது என்று அர்த்தம். பெரும்பாலும் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான் போயிருக்கும். மிதவை சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ வழியாகவும் தண்ணி போகலாம்.

சம்ப்: நிரப்பிய பிறகு தண்ணி வரும் வழியை மூடிவிட்டு, 12 மணி நேரம் மோட்டார் போடாமல் விட்டு மட்டத்தை பாருங்கள். 4 அடிக்கு 5 அடி சம்ப்பில் ஒரு அங்குலம் இறங்கினாலே சுமார் 47 லிட்டர் போச்சு. மூணு குடம்!

சுவர் ஓதம் அடித்தால்...

ஓதம் எப்போது வருது என்பதை கவனித்தாலே பாதி விடை கிடைத்து விடும். மழைக்காலத்தில் மட்டும் வந்தால் மொட்டை மாடியையோ வெளிச்சுவரையோ பார்க்கணும். குளித்து முடித்த பிறகு வந்தால் பாத்ரூம் தரையும் கழிவு குழாயும். வெயில் காலத்திலும் காயாமல் ஈரமாகவே இருந்தால், எந்நேரமும் தண்ணி நிற்கிற குழாய் மீதுதான் முதல் சந்தேகம்.

பலர் செய்கிற தப்பு, உரிந்த இடத்தை சுரண்டி புது பெயிண்ட் அடிப்பது. உள்ளே ஒழுகல் இருக்கும்வரை எத்தனை கோட்டிங் அடித்தாலும் மறுபடி உரியத்தான் செய்யும். ஈரம் கூரையில் இருக்கிற கம்பி வரை போனால் கம்பி துருப்பிடித்து பருக்கும். கான்கிரீட் பெயர்ந்து தலையில் விழும்.

சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஈரம் தெரிந்தால் விளையாட்டு வேண்டாம். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு எலக்ட்ரீசியனை கூப்பிடணும். ஈரச் சுவரை தொட்டு ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

வெளியே போகும் தண்ணி... உள்ளே வரும் சாக்கடை

கசிவில் பெரிய ஆபத்தே இதுதான். வெயில் காலத்தில் சம்ப் விரிசல் வழியா நல்ல தண்ணி வெளியே போகும். மழை பெய்து நிலத்தடி நீர் ஏறினால் அதே விரிசல் வழியா வெளித்தண்ணி உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை சேம்பர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தெருவில் இருந்து வீட்டுக்கு வருகிற குடிநீர் குழாயும் அப்படித்தான். எந்நேரமும் அதில் தண்ணி இருப்பதில்லை. தண்ணி இல்லாத நேரத்தில் அடி பம்பு அடித்தாலோ, தடையை மீறி குழாயில் மோட்டார் வைத்து இழுத்தாலோ, ஓட்டை வழியா சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். வாந்தி பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

தண்ணி கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் அதை குடிக்கக் கூடாது. மெட்ரோ வாட்டர் புகார் எண் 044-45674567-க்கு போன் பண்ணலாம்.

செலவு யார் தலையில்?

ஓனரை கேட்டால், நீங்கதானே புழங்குறீங்க என்பார். குடித்தனக்காரரை கேட்டால், வீடு உங்களுதுதானே என்பார். இந்த இழுபறியிலேயே ஒரு வருஷம் ஓடிவிடும்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகை சட்டம் இதை பிரித்து சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டிட ரிப்பேரும், குழாய் மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், டாய்லெட் கோப்பை, வாஷ்பேசின் ரிப்பேர் எல்லாம் குடித்தனக்காரர் பொறுப்பு.

அதனால்தான் அந்த ராத்திரி சோதனை முக்கியம். ஒழுகுவது வாஷரா, சுவருக்குள் இருக்கிற குழாயா என்று தெரிந்தால்தான் யார் செலவு என்று பேச முடியும். ஓதம் அடித்த சுவரையும் குறித்து வைத்த மட்டத்தையும் செல்போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பி வைப்பது நல்லது. வாய்ப்பேச்சு நிற்காது.

இறங்காதீங்க!

ஒழுகுகிற குழாயில் எம்-சீல் வைத்து அடைப்பது நாலு நாள் சமாளிக்கத்தான். நிரந்தர தீர்வு ஜாயிண்ட்டை பிரித்து மாற்றுவதுதான். சம்ப் விரிசலை முழுசா காய வைத்து, வெட்டி, நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்த்து பூசணும்.

ஆனால் ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்புக்குள் தனியா இறங்கவே கூடாது. உள்ளே காற்று கெட்டுப் போயிருந்தால் இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற குதிப்பவரும் விழுவார். மூடியை நீண்ட நேரம் திறந்து வைத்து, விவரம் தெரிந்த ஆளை வைத்துத்தான் வேலை பார்க்கணும். மேலே ஒருவர் கட்டாயம் நிற்கணும்.

மாதம் ஒரு ராத்திரி குச்சியை விட்டு மட்டத்தை பார்த்தாலே பெரிய செலவை தவிர்க்கலாம். வாஷர் மாற்ற டீ செலவுதான் ஆகும். விட்டு வைத்தால் சுவரை உடைக்கணும்.